பட்டி பார்த்த பழைய டிரம்கள்

1950கள், 60களில் அமெரிக்காவில் செய்த லட்விக், கிரெட்ச், ஸ்லிங்கர்லேண்ட், ராஜர்ஸ் டிரம் செட்டுகளை வாங்கி, டிரம்காரர்கள் ராப் என்று சொல்லும் பிளாஸ்டிக் உறையை உரித்துவிட்டு, டிரம்மின் மர உடலான ஷெல்லுக்குக் கார் பெயிண்ட் அடித்துப் பளபளக்கச் செய்யும் வழக்கம் மேலைநாடுகளில் பெரிய மோகமாகிவிட்டது. இதற்கு இரண்டு நியாயங்கள் சொல்கிறார்கள். கருவி வாசிப்பதற்குத்தான், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பதற்கு அல்ல என்பது ஒன்று. பிளாஸ்டிக்குக்குள் திணறிக்கொண்டிருந்த மரம் உறை போனதும் தாராளமாக ஒலிக்கும் என்பது மற்றொன்று. எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் பேசுகிறார்கள்: அசல் உறை போனால் மதிப்பு விழுந்துவிடும் என்று. உண்மைதான், ஆனால் அது விற்கப்போகிறவரின் கவலை. விற்கும் எண்ணமே இல்லாத ஒரு டிரம்மருக்கு அதில் பதில் இல்லை. எனக்கு நெடுநாளாக இருக்கும் ஆட்சேபம் வேறு. மறுபூச்சு ஒரு டிரம்மின் அடையாளத்துக்கான சாட்சியங்களை அழிக்கிறது. அதோடு நில்லாமல், அந்த இடத்தில் ஒரு பொய்யான அடையாளத்தை உட்கார வைக்கிறது.

ஒத்துக்கொள்ள வேண்டியதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். நல்ல மறுபூச்சு கடினமான கைவேலை. பழைய பசையைச் சுரண்டி, துளைகளை அடைத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர், நிறம், மினுக்குத் துகள், அதன்மேல் பல கோட் கிளியர், கடைசியில் தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றுவது என்று நீளும் வேலை அது. பழைய செல்லுலாய்டு உறை சுலபமாகத் தீப்பிடிக்கும் என்பதால், ஹீட் கன்னைக் காட்டி உரிப்பதில் ஆபத்தும் இருக்கிறது. டிரம்முக்குப் பெயிண்ட் அடிப்பதும் புதிய பழக்கம் அல்ல. 1920களிலும் 30களிலும் கம்பெனிகளே டூபாண்டின் டூக்கோ லாக்கரை ஸ்ப்ரே செய்து, பட்டை பட்டையாக நிறம் கலந்து விற்றன. தண்ணீரில் ஊறி உறை கிழிந்துபோன ஷெல்லையும், யாரோ சுவர் பெயிண்ட் பூசிவிட்ட ஷெல்லையும் மறுபூச்சு மீட்டெடுக்கிறது என்பதில் சந்தேகமில்லை. அவற்றில் அழிக்க மிச்சம் எதுவும் இல்லை. நான் பேசுவது உறை நன்றாகவே இருக்கும் டிரம்களைப் பற்றி.

ஓசை பற்றிய வாதம் கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. நாம் இன்று தேடி அலையும் ‘பழைய டிரம் ஓசை’ உறை போட்ட டிரம்களிலிருந்து பதிவானது. 1938 ஜனவரியில் பென்னி குட்மன் குழுவோடு கார்னகி ஹாலில் வாசித்த ஜீன் குரூப்பாவின் ஸ்லிங்கர்லேண்ட் வெள்ளை முத்து உறை போட்டது. பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் வாசித்த லட்விக் கறுப்புச் சிப்பி உறை போட்டது. 1970களின் தொடக்கத்தில் ராக் டிரம்மர் ஜான் பான்ஹம் மேடையேற்றிய லட்விக்கின் மேல் ஒட்டியிருந்தது பச்சை மினுக்கு உறை. அந்தப் பச்சை உறை பான்ஹமின் பேஸ் டிரம்மை அமுக்கிவிட்டது என்று இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஒரு டிரம்மின் ஓசையை முதலில் தீர்மானிப்பவை அடிபடும் தோலான ஹெட்டும், அதை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதும், ஷெல்லின் அளவும், ஹெட் உட்காரும் விளிம்பின் வடிவமும்தான். சுமார் அரை மில்லிமீட்டர் உறை அந்த வரிசையில் வெகு பின்னால் வருகிறது. அதைக் கழற்றியதும் டிரம் மாறிவிட்டதாகத் தோன்றுவதற்குக் காரணம், அதே கையோடு விளிம்பை இழைத்து, புது ஹெட் போட்டு, எல்லா நட்டுகளையும் சீராக இறுக்குவதுதான். போதாததற்கு, உறையின் இடத்தில் வருவதும் வெறும் மரம் அல்ல. இரண்டு பொருள்களைக் கலந்து இறுக வைக்கும் பாலியூரித்தேன் கிளியரும் பிளாஸ்டிக் படலமே. உறை தடிப்பால் புது ஹெட் ஏறமாட்டேன் என்கிறது என்பது மட்டும் மெய்யான தொல்லை. அதற்கும் சற்றே அகலமான ஹெட்டுகளை அக்வேரியன் கம்பெனி பழைய டிரம்களுக்கென்றே செய்து விற்கிறது.

இனி, என் ஆட்சேபத்துக்கு வருகிறேன். நீல மினுக்கு உறை போட்ட 1960களின் லட்விக் டாம் ஒன்றில், ஹெட்டை இறுக்கும் திருகுகள் பொருந்தும் லக்குகளைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். உறையின் மேல்படலம் ஆண்டுக்கணக்கில் மஞ்சளித்ததால் நீலம் பச்சையாகியிருக்கும். லக் மூடியிருந்த இடத்தில் மட்டும், லக்கின் வடிவத்திலேயே, கடையிலிருந்து வந்த நாளின் நீலம் அப்படியே கிடக்கும். வெள்ளி மினுக்கு தேன் நிறமாகும், வெள்ளை முத்து தந்த நிறமாகும். அவற்றிலும் உலோகம் மூடிய இடம் பழைய நிறத்தைக் காத்து வைத்திருக்கும். இந்த நிழல்களை வாசிக்கத் தெரிந்தவருக்கு டிரம் பேசும். நிழலும் இப்போதுள்ள லக்கும் பொருந்தினால் உலோகச் சாமான் மாறவில்லை. நிழல் நீளமாகவும் லக் குட்டையாகவும் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். டாமைத் தாங்கும் மவுண்ட் இருந்த இடத்தில் நிழலே இல்லையென்றால், அந்தத் துளை பின்னாளில் போட்டது. ஒரே அறையில், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் வருஷக்கணக்கில் நின்ற மூன்று டிரம்கள் ஒரே மாதிரி மங்கியிருக்கும். பிரிந்து வளர்ந்தவை வெவ்வேறு விதமாக மங்கியிருக்கும். இவை சேர்ந்து பிறந்தவைதானா என்று முடிவு செய்ய இதைவிட நம்பகமான ஆதாரம் பெரும்பாலும் கிடையாது. ஷெல்லில் பொருத்திய கம்பெனி பேட்ஜின் எண்ணை வைத்துத் தேதி சொல்ல முடியாது என்பது லட்விக்கைப் பொறுத்தவரை தெரிந்த கதை. எண்கள் வரிசையாகக் கொடுக்கப்படவில்லை. ஷெல்லுக்குள் சிவப்பு மையில் குத்திய தேதி முத்திரையும், கிரெட்ச் ஷெல்லுக்குள் ஒட்டிய மாடல் சீட்டும் உண்டு. ஆனால் மறுபூச்சு செய்கிறவர் பெரும்பாலும் வெளியோடு நிற்பதில்லை. உள்ளேயும் தேய்த்து வார்னிஷ் அடித்துவிடுகிறார். கிரெட்சின் உள்பக்கத்து வெள்ளிப் பூச்சைக்கூட அழுக்கு என்று நினைத்துச் சுரண்டியவர்கள் உண்டு.

அழிவோடு முடிந்தால் நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். இந்தப் பழக்கத்தின் மோசமான விளைவு, ஒரே நிறத்தால் அந்நியர்களை ஒரு குடும்பமாக்குவது. பழைய டிரம் சந்தையில் தனித்துப்போன ஷெல்கள் ஏராளம். ஒரு 22 அங்குல பேஸ் டிரம் ஓரிடத்தில், 13 அங்குல டாம் வேறிடத்தில், 16 அங்குல ஃப்ளோர் டாம் இன்னோரிடத்தில். மூன்றுக்கும் ஆண்டு வேறு, நிறம் வேறு, சில சமயம் ஷெல்லின் மரமே வேறு. உறையோடு இருந்தவரை அவை ஒட்டுப்போட்ட செட் என்பது கண் பார்த்ததும் தெரியும், விலையும் அதற்கேற்ப இருக்கும். மூன்றுக்கும் ஒரே சிவப்பை அடித்து, அதே பழைய பேட்ஜைப் பொருத்திவிட்டால், ஒரு ‘1965 லட்விக் செட்’ பிறந்துவிடுகிறது. அளவு மாற்றங்களும் இப்படித்தான் மறைகின்றன. ஜாஸ் வாசிப்பவர்கள் 18 அங்குல பேஸ் டிரம்முக்குத் தவிக்கிறார்கள், அசல் குறைவு. 18 அங்குல ஃப்ளோர் டாமின் கால் துளைகளை அடைத்து, பேஸ் டிரம்மை நிறுத்தும் கால்களான ஸ்பர் போட்டால் அது பேஸ் டிரம்மாகிவிடும். அணிவகுப்பு டிரம்மை வெட்டி டாமாக்குவதும் வழக்கத்தில் உள்ளதே. மாற்றியதை நான் குறை சொல்லவில்லை, வாசிக்கிறவருக்குத் தேவை இருந்திருக்கலாம். உறையோடு இருக்கும்போது அடைத்த துளை அடைத்த துளையாகவே தெரிகிறது. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த பிறகு அது எங்கே இருந்தது என்று செய்தவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம், வாங்குகிறவரிடம் எல்லாவற்றையும் சொல்லியும் இருக்கலாம். ஆனால் டிரம் அவரோடு நிற்பதில்லை. மூன்று கை மாறினால் வாய்ச்சொல் காணாமல்போகும், பேட்ஜ் மட்டும் பேசிக்கொண்டிருக்கும். இதைக் கலைத்தொழில் என்று கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கையெழுத்துப் பிரதியின் மேல் வெள்ளையடித்து, அதன்மேல் அழகான எழுத்தில் வேறொன்றை எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த டிரம்கள் ஆயிரக்கணக்கில் வந்த தொழிற்சாலைப் பொருள்தானே, ஒன்றிரண்டு போனால் என்ன என்று கேட்கிறார்கள். உண்மையாகவே ஏராளமாக வந்தவைதான். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸை 7 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பார்த்தார்கள். ரிங்கோவின் பேஸ் டிரம்மில் எழுதியிருந்த லட்விக் பெயரும் அவர்கள் கண்ணில் பட்டது. அதன்பிறகு சிகாகோ தொழிற்சாலை ராத்திரி பகலாக ஓடியும் தேவைக்கு ஈடுகொடுக்கத் திணறியது. ஆனால் ஏராளம் என்பதே இந்த டிரம்களைப் பாதுகாக்க வேண்டியதன் காரணம். ரிங்கோ வாசித்த செட்டுக்கு ஆபத்தே கிடையாது. அவருடைய முதல் லட்விக் 2015 டிசம்பரில் 20 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது, அதன் உறையை யாரும் உரிக்கப்போவதில்லை. தொழிற்சாலை அன்றாடம் எப்படி வேலை செய்தது, அவசரத்தில் எந்த மரத்தை எந்த நிறத்தோடு அனுப்பியது, வாங்கியவர்கள் எங்கே துளை போட்டுத் திருத்திக்கொண்டார்கள் என்பதெல்லாம் கல்யாண வீட்டிலும் பள்ளிக்கூட பேண்டிலும் அடிபட்ட சாதாரண டிரம்களில்தான் பதிந்திருக்கிறது. சந்தையில் மலிவு என்பதால் மறுபூச்சுக்கு முதலில் போவதும் அவையே.

உரித்த உறையைச் சுருட்டிப் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம், புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம் என்பது கொஞ்சம் கௌரவமான பதில். ஆனால் அறுபது வயது செல்லுலாய்டைச் சுருட்டினால் விரிசல் விடும், உரிக்கும்போதே பல இடத்தில் மேல் மரத்தோடு பெயர்ந்து வரும். புகைப்படம் எடுத்தவரின் கம்ப்யூட்டரில் இருக்கும், டிரம்மோடு போகாது. பழைய உறையை எடுத்துவிட்டுப் புது உறை ஒட்டுவதும் இதே குற்றம்தானே என்று கேட்டால், பாதி உண்மை. நிழல்கள் அதிலும் போகின்றன. ஆனால் அங்கே பட்டி பார்த்துத் துளையை மறைக்கும் தேவை குறைவு, உள்பக்கத்தைத் தொட வேண்டியதும் இல்லை. பெயிண்ட்காரரோ மெல்லிய மேல் மரத்தை உப்புத்தாளால் தேய்த்தே ஆகவேண்டும். மூன்று பிளை, அதாவது மூன்று மரத்தகடுகள் ஒட்டிய ஷெல்லில் அந்த மேல் பிளையை ஒருமுறை தின்றுவிட்டால் திரும்ப வளர்க்க வழியில்லை.

அசல் உறை மூட்டில் தூக்கியிருந்தால் பசை வைத்து ஒட்டலாம், மங்கியிருந்தால் பிளாஸ்டிக் பாலிஷ் போட்டுத் துடைக்கலாம். அதற்குமேல் செய்ய வேண்டியது பெரும்பாலும் ஒன்றுமில்லை. சிவப்பில் பளபளக்கும் மூன்று பிளை ஷெல்தான் வேண்டுமென்றால், உள்வளையம் போட்ட மூன்று பிளை ஷெல்லை லட்விக்கே தன் லெகசி வரிசையில் மறுபடி செய்தது. பூச்சு இல்லாத புது மேப்பிள் ஷெல்லும் விலைக்குக் கிடைக்கும். பழைய மரமே வேண்டும் என்பவருக்கு, ஏற்கெனவே யாரோ உரித்துவிட்டுப் போன ஷெல்கள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. பெயிண்ட்காரர்கள் அவற்றை முதலில் எடுத்துச் செய்யட்டும். செய்யும்போதும் உள்பக்கத்தைத் தொடாமல், அடைத்த துளையின் மரக்கட்டை உள்ளேயிருந்து பார்த்தால் தெரியும்படி விடட்டும்.