கழற்றிய நகையும் கட்டிய மூட்டையும்

செம்பட்டிக்குப் பக்கத்து ஊர்ச் சபை ஒன்றிலிருந்து, தாண்டிக்குடி பக்கத்து மலைக்கிராமத்துக்கு மூன்று நாள் ஊழியத்துக்குப் போகிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள். கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல் அது. சகோதரர்களுக்கு மூன்று வரி: வேதாகமம், போர்வை, டார்ச் லைட். மைக் செட்டும் கைப்பிரதிகளும் சபைச் செலவில் வரும் என்று அடியில் ஒரு குறிப்பு. சகோதரிகளுக்கு அதே மூன்று வரி, அதன் கீழே இன்னும் பதினொன்று. பருத்திப் புடவை இரண்டு, அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், அரிவாள்மனை, பெரிய சட்டி என்று போய், கடைசியில் தடித்த எழுத்தில் 'நகைகள் தவிர்க்கவும்' என்று முடிந்தது.

இந்தத் தாளை ஒரு பிரதியாகவே வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். ஊழியத்தின் இறையியலைப் பிரசங்கத்தில் தேடுகிறோம். யார் எதைச் சுமக்கிறார்கள், யார் எதை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது பட்டியலில்தான் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பெண்கள் ஊழியத்துக்காக ஊர் ஊராகப் போனதைப் பற்றி அதிகம் படிக்கப்பட்ட புத்தகங்களில் ஒன்று, எமி கார்மைக்கேல் 1903-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதன் தலைப்பைத் தமிழில் 'உள்ளது உள்ளபடி' எனலாம். வட அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியா வந்த எமி, திருநெல்வேலிச் சீமையில் தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் கிராமங்களுக்குப் போனார். அந்தக் குழுவுக்கு 'நட்சத்திரக் கூட்டம்' என்ற பொருளில் ஒரு பெயரும் இருந்தது. மிஷனெரி எழுத்தில் வழக்கமாக இருக்கும் வெற்றிக் கணக்கு அந்தப் புத்தகத்தில் கிடையாது. மூடிய கதவுகளும், சாதியும், திரும்பி வந்த நடையும்தான் அதிகம். அதற்காகவே அது மதிக்கப்பட வேண்டிய புத்தகம். ஆனாலும் அதன் கண் போய்ச் சேர்ந்த வீடுகளின் மேல் இருக்கிறதே தவிர, புறப்பட்ட வீடுகளின் மேல் இல்லை.

புறப்பட்ட வீடுகள் தெரிய வேண்டுமானால் பொன்னம்மாளிடம் போக வேண்டும். இளம் வயதிலேயே விதவையாகி, புகுந்த வீட்டில் இருந்தவர். எமியின் குழுவில் சேர்ந்தார். பிறகு டோனாவூரில் அவருக்கு வலது கையாக இருந்தார். நெய்யூரில் கைக்குழந்தைகளுக்கான காப்பகத்தை நடத்தினார். 1915-இல் புற்றுநோயால் இறந்தார். மூன்று வருடம் கழித்து எமி அவருடைய வரலாற்றை எழுதினார்.

பொன்னம்மாள் தன் நகைகளைக் கழற்றிவிட்டார். குழுவின் மற்றப் பெண்களும் கழற்றினார்கள். இதற்குப் பெரிய எதிர்ப்பு வந்தது. வந்தது வெளியாரிடமிருந்து அல்ல, கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள்ளிருந்துதான். இந்தக் கதையைச் சொல்கிற பக்திப் புத்தகங்கள் 'உலக ஆசையைத் துறந்தார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அங்கே நின்று பார்க்கத் தோன்றுகிறது.

ஊர் வழக்கத்தில் விதவையின் கழுத்து மூளியாவது பிறர் கையால். அப்படிக் கழற்றப்பட்டபோது எந்தக் குடும்பமும் அவமானப்பட்டதாகத் தெரியவில்லை. அதே வெறுங்கழுத்தை ஒருத்தி தானே தேர்ந்துகொண்டபோதுதான் மானம் போனது என்றார்கள். அப்படியானால் பிரச்சினை நகையில் இல்லை, கழற்றிய கை யாருடையது என்பதில் இருக்கிறது. குடும்பத்தின் அந்தஸ்தைத் தன் உடம்பில் தூக்கிக்கொண்டு நடக்க மாட்டேன் என்று ஒரு பெண் சொன்னாள். அதை அவள் சாமி பெயரால் சொன்னாள். வேறு எந்தப் பெயரால் சொல்லியிருந்தாலும் அன்றைக்கு யார் காது கொடுத்திருப்பார்கள்?

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் பெண்களுக்குத் தங்கம் வெறும் மினுக்கு இல்லை. நிலம் அண்ணன் தம்பிக்குப் போன வீட்டில் அவளுக்கென்று வந்த ஒரே சொத்து அதுதான். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட, ஆஸ்பத்திரிக்கு ஓட, அடகுக் கடைக்குப் போவது அவள் வளையல்தான். கழற்றியதைப் போற்றுகிறவர்கள், கழற்றிய நகை யார் பெட்டிக்குப் போகிறது என்று கேட்பதில்லை. செம்பட்டித் தாளில் உள்ள 'தவிர்க்கவும்' பொன்னம்மாளின் செயலிலிருந்து வந்ததுபோலத் தோன்றும். உண்மையில் அது தலைகீழ். அவர் தானாகச் செய்ததை இது உத்தரவாக்கிவிட்டது. திருட்டுப் பயத்துக்காக என்றால் ஆண்களின் மோதிரத்துக்கும் ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்துக்கும் தனி வரலாறு உண்டு. அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் மதுரையிலும் அடுத்த வருடம் திண்டுக்கல்லிலும் வேலை தொடங்கியது. அந்நிய ஆண் நுழைய முடியாத வீடுகளுக்குள் போக அதற்கு உள்ளூர்ப் பெண்கள் தேவைப்பட்டார்கள். அப்படி உருவானவர்கள்தான் 'பைபிள் உமன்' என்று நாம் இன்றும் சொல்கிற பெண்கள். எழுதப் படிக்கத் தெரிந்த, கூலிக்கு வேலை செய்த, தனியாகத் தெருவில் நடந்த பெண்கள். காலனிய மதமாற்றம் என்ற ஒரே சொல்லில் அவர்களை மூடிவிடுவது நம் பெண்ணியத்துக்கும் சுலபமாகிவிட்டது. அந்த நடையை அவர்கள் எப்படிச் சாத்தியமாக்கிக்கொண்டார்கள் என்று நாமும் கேட்கவில்லை.

போன வருடம் இந்தப் பயணத்துக்குப் போய்வந்த ஒரு அக்காவிடம் கேட்டேன். அவருடைய தயாரிப்பு, தாள் கைக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மூன்று நாளைக்கு மாவு ஆட்டி வைத்தார், மாமியாரின் மாத்திரைகளை வேளைவாரியாகப் பொட்டலம் கட்டினார், பால் கறக்கக் கொழுந்தன் மகனிடம் சொல்லி வைத்தார், வீட்டுக்காரரிடம் இரண்டு வாரம் முன்பே நல்ல நேரம் பார்த்துக் கேட்டார். பைக்குள் வைத்ததோ இரண்டு சின்னாளபட்டிச் சுங்குடி, ஒரு போர்வை. "துவைச்சுப் போட்டா சட்டுனு காஞ்சிரும்மா, அதான்."

மலையில் முப்பது பேருக்குச் சமைத்தது பெண்கள்தான். சாட்சி சொல்ல அவருக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். அதுவும் சட்டி அடுப்பில் இருக்கும்போது கூப்பிட்டார்கள். "அப்புறம் ஏன்க்கா இந்த வருசமும் போறீங்க?" என்றேன்.

"ராத்திரி எல்லாரும் வரிசையாப் படுத்துக்கிட்டுப் பேசுவோம்மா. கல்யாணமாகி இருவத்திரண்டு வருசத்துல நான் வேற எங்க அப்படிப் படுத்துருக்கேன்?"

இதைக் கேட்ட பிறகு அந்தத் தாளை வெறும் சுரண்டலின் ஆவணமாக மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை. அவர் தூக்கிப் போன சட்டி, அந்த மூன்று இரவுகளுக்கு அவர் கட்டிய வாடகை. வாடகை அதிகம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருக்கும் இல்லை. இந்த வருடக் கூட்டத்தில் தாளைக் கொடுத்தபோது அவர் எழுந்து, "பெரிய சட்டியையும் அரிவாள்மனையையும் மைக் செட்டோட சேத்துப் போடுங்கய்யா, வண்டியிலதான வருது" என்றிருக்கிறார். சிரித்துக்கொண்டே மாற்றி எழுதினார்களாம். திருத்திய தாளை எனக்குக் காட்டினார். சட்டி பொதுச் சாமானில் இருக்கிறது. புளியும் மிளகாய்த்தூளும் இன்னும் சகோதரிகள் பக்கம்தான். நகை வரியை யாரும் தொடவில்லை.