சிரிக்க வைத்தால் கேட்கலாம்

பழைய பாட்டுக்கும் நகைச்சுவைப் படத்துக்கும் நான் தீராத ரசிகை. பெண் குரலில் பிடித்த பாட்டு எது என்று கேட்டால் பலரும் ஒரு தாலாட்டையோ காதல் பாட்டையோ சோகப் பாட்டையோ சொல்வார்கள். என் பட்டியலில் முதல் இரண்டு இடங்களும் நகைச்சுவைப் பாட்டுகளுக்குத்தான். இரண்டும் 1968இல் வந்தவை. இரண்டுக்கும் இசை வி. குமார்.

ஒன்று, 'பொம்மலாட்டம்' படத்தில் மனோரமா சொந்தக் குரலில் பாடியது. சோவை வீட்டுக்கு வரச் சொல்லிச் சென்னைத் தமிழில் அழைக்கிறார். தலைகுனிவு இல்லை, கண்ணைப் பொத்துவது இல்லை. பள்ளத்தூரில் வளர்ந்து நாடக மேடையில் தேர்ந்த அந்தப் பெண், பட்டணத்து உழைக்கும் பெண்ணின் பேச்சைக் கேலி செய்யாமல் அதன் மிடுக்கோடு பாடுகிறார்.

மற்றொன்று 'எதிர் நீச்சல்' படத்தில் வாலி எழுதியது. திரையில் சௌகார் ஜானகியும் ஸ்ரீகாந்தும், குரல் பி. சுசீலாவும் டி.எம். சௌந்தரராஜனும். பக்கத்து வீட்டுக்காரியின் புடவையைச் சாக்கிட்டு மாமி தனக்கு வேண்டியதைக் கேட்கிறாள், கணவர் நழுவுகிறார். விஜயநகரத்தில் பிறந்த சுசீலா அந்த அக்ரகாரப் பேச்சில் குழைவதையும் குத்திக்காட்டுவதையும் கேளுங்கள். அவருடைய உருக்கமான பாட்டுகளுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

இரண்டு பாட்டிலும் பெண் வாய்விட்டுக் கேட்கிறாள். ஒருத்தி ஆணைக் கேட்கிறாள். இன்னொருத்தி புடவையைக் கேட்கிறாள். அந்தக் காலக் கதாநாயகி இதையே கேட்டிருந்தால் அடங்காதவள் என்றோ பேராசைக்காரி என்றோ பெயர் வாங்கியிருப்பாள். நகைச்சுவை நடிகைக்கு மட்டும் அனுமதி உண்டு. அவள் சொல்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்பதால் கிடைத்த அனுமதி அது. நான் ரசிப்பதும் அந்தச் சுதந்திரத்தைத்தான், எனக்கு உறுத்துவதும் அதற்குக் கொடுத்த விலைதான்.

கேட்பவள் வீட்டு மருமகளாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கே. பாலசந்தரின் 'பாமா விஜயம்' (1967) இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கு நடிகை குடிவந்ததும் மூன்று மருமகள்களும் போட்டி போட்டுக்கொண்டு கடனில் வீட்டை அலங்கரிக்கிறார்கள். சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி மூவரும் சேர்ந்து வரும் காட்சிகளை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். ஆனால் படம் போகப்போக அது மாமனாரின் பாடமாகிவிடுகிறது. நடிகையைப் பார்த்து வாய்பிளந்த கணவன்மாரை விட, செலவழித்த மனைவிமார் மேல்தான் அதிகப் பழி. சிரிக்க வைத்த பெண்களைக் கடைசியில் திருத்தி அடக்கினால்தான் கதை முடியும் போலிருக்கிறது.

28 ஆண்டுகள் கழித்து, பாலு மகேந்திராவின் 'சதி லீலாவதி' (1995) படத்திலும் இதே ஏற்பாடுதான். கொங்குத் தமிழில் கணவர் கமல்ஹாசனைக் குறுக்கு விசாரணை செய்கிற கோவை சரளா என் பெருவிருப்பம். முன்னணி நாயகனோடு சரிசமமாக நின்று, சில இடங்களில் அவரையே முந்துகிறார். ஆனால் நிஜமாகவே ஏமாற்றப்பட்டவள் கல்பனா நடித்த லீலாவதி. அவளுடைய பருத்த உடல் கேலிப்பொருளாகிறது. வழிதவறிய கணவனை மீட்கும் வேலையும் அவள் தலையில்தான். சந்தேகப்பட்டுச் சத்தம் போடும் உரிமை நகைச்சுவை மனைவிக்கு, சகித்துச் சேர்ந்து வாழும் கடமை சதிக்கு.

என் கைக்கு வந்த 'சிறந்த பாடல்கள்' கேசட்டுகளிலும் இந்தப் பிரிவினையைப் பார்த்திருக்கிறேன். சுசீலா என்றால் காதலும் கண்ணீரும். அந்த மாமிக்கு அங்கே இடமில்லை. மனோரமாவைப் பாடகி என்று சொல்பவர்களே குறைவு. பெண் அழுதால் கலை, சிரிக்க வைத்தால் காமெடி என்று யாரோ பிரித்து வைத்ததை நாமும் அப்படியே கேட்டுப் பழகிவிட்டோம்.

அதனால் என் பட்டியலை நான் மாற்றப் போவதில்லை. நீங்களும் அந்த இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். காட்சியை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கவனியுங்கள். அந்தப் பெண்கள் கேட்பதில் சிரிப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றும்.