விழுங்கப்பட்ட பள்ளி

பொன்மலையில் நாங்கள் ஊர்ப்பெயரைத் 'திருச்சி' என்று சுருக்கும்போது பள்ளியைத்தான் விழுங்குகிறோம். சமண, பௌத்தத் துறவிகளின் உறைவிடத்துக்கு வழங்கிய சொல் அது. 'திரிசிரன்னு மூணு தலை அரக்கன் பூஜை பண்ண எடம்' என்று தலபுராணம் பெயருக்கு வேறு அர்த்தம் தந்துவிட்டது.

மலைக்கோட்டையின் இரண்டு குகைகளைச் சேர்த்து வாசிக்க வேண்டும். உச்சிப் பக்கத்துக் குகைத்தளத்தில் சமணப் படுக்கைகள். ஒன்றில் 'சிரா' என்று வாசிக்கப்பட்ட பெயர். அதற்குக் கீழே, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த லளிதாங்குர பல்லவேஸ்வர கிருகம். அங்கே கங்காதரர் சிற்பத்தின் இருபுறமும் உள்ள வடமொழிக் கல்வெட்டு, எதிர்நெறியிலிருந்து லிங்கத்தின்பால் திரும்பிய ஞானத்தைப் பேசுகிறது. எது அந்த எதிர்நெறி? சமணம் என்பதே பரவலான வாசிப்பு. கல்வெட்டு பெயர் சொல்லவில்லை. மற்றதைப் பெயரற்றதாக்குவது அதிகாரத்தின் வழக்கம். ஆனால் தன் வெற்றியைச் சொல்ல மன்னனுக்கு அந்த மற்றது தேவைப்பட்டது, சுவடாவது மிஞ்சியது.

நமக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. கங்காதரரைக் 'கலை' என்று ரசித்துவிட்டு இறங்குகிறோம். படுக்கைகளைக் கேட்டால் 'அது சும்மா பாறைங்க' என்று பதில் வருகிறது. பல்லவச் சிற்பத்தின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள், அந்தச் சும்மா பாறையில் யார் படுத்திருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கட்டும்.