சீன மாணவர்களும் மின்வழிக் கற்றலும்

சீன மாணவர்கள் மனப்பாடம் செய்பவர்கள், வகுப்பில் வாய் திறக்காதவர்கள்; மின்வழிக் கற்றல் அவர்களிடம் படைப்பாற்றலையும் ஈடுபாட்டையும் வளர்க்கும் என்ற கருத்து கல்வியியல் எழுத்துகளில் அடிக்கடி காணப்படுகிறது. இதன் முதற்பாதியே ஐயத்துக்குரியது. டேவிட் வாட்கின்ஸ், ஜான் பிக்ஸ் ஆகியோர் 1996இல் பதிப்பித்த 'தி சைனீஸ் லேர்னர்' என்ற நூல், மனப்பாடமும் புரிதலும் எதிரெதிரானவை என்ற எண்ணத்தையே கேள்விக்கு உள்ளாக்கியது. திரும்பத் திரும்பப் படிப்பது பொருளை ஆழமாக உணரும் வழியாகவும் இருக்கலாம் என்பது அதில் வலியுறுத்தப்பட்டது.

இரண்டாம் பாதிக்கு 2020 பிப்ரவரி ஒரு நல்ல சோதனை. கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்பு நின்றாலும் கற்றல் நிற்கக்கூடாது என்ற முழக்கத்துடன் சீனக் கல்வி அமைச்சு இணையவழிக் கற்பித்தலை முன்னெடுத்தது. பல பள்ளிகள் அலிபாபா நிறுவனத்தின் டிங்டாக் செயலியைக் கையாண்டன. இது அலுவலகங்களுக்காக உருவாக்கப்பட்டது. அனுப்பிய செய்தியை யார் படித்தார், யார் படிக்கவில்லை என்று காட்டும், வருகையைப் பதிவுசெய்யும். ஊழியரைக் கண்காணிக்கும் மேலாளரின் கருவி அப்படியே ஆசிரியரின் கைக்கு வந்தது.

மாணவர்கள் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து அதன் மதிப்பெண்ணைச் சரித்தனர். ஐந்து நட்சத்திரம் தருகிறோம், ஆனால் தவணை முறையில் தருகிறோம் என்று கேலி பேசினர். கடைசியில் நிறுவனமே பிலிபிலி காணொளித் தளத்தில் பாட்டுப் பாடி மன்னிக்கச் சொல்லிக் கெஞ்சியது. அதையும் மாணவர்கள் வெட்டி ஒட்டிப் புதிய கேலிப் பாடல்களாக்கினர். சொல்விளையாட்டு, இசை, படத்தொகுப்பு, கூட்டுமுயற்சி எல்லாம் இதில் இருந்தன. இவர்களையா படைப்பாற்றல் அற்றவர்கள் என்பது?

குறை மாணவரிடம் இல்லை, பாடத்தின் அமைப்பில் இருக்கிறது. பிலிபிலியில் ஓடும் படத்தின் மீதே பார்ப்பவர்களின் குறுங்கருத்துகள் வரிவரியாக நகரும். எழுதியவர் பெயர் அதில் தெரியாது. வகுப்பில் கை தூக்கத் தயங்குபவர்கூட அங்கே கேட்கிறார், மறுக்கிறார், சிரிக்கிறார். பலர் முன்னிலையில் தவறிவிட்டால் முகம் இழக்க நேருமே என்ற அச்சம் அங்கே குறைகிறது. இந்த வழக்கத்தைப் பாடத்துக்குள் கொண்டுவருவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. அப்படியிருந்தும், 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட தேசியத் திறன்மிகு கல்வித் தளத்தின் பள்ளிப் பகுதியில் பதிவுசெய்த பாடங்களே முதன்மை இடம் பெற்றன. சிற்றூர் மாணவருக்கும் பெருநகரத்தின் நல்லாசிரியர் கிடைக்கிறார் என்பது உண்மையிலேயே பெரும் பயன்தான். ஆனால் அந்த ஆசிரியரிடம் அவர் கேள்வி கேட்க முடியாது.

இதற்கெல்லாம் பின்னால் நிற்பது காவ்காவ். ஜூன் மாதத்தில் நடக்கும் இந்தக் கல்லூரி நுழைவுத் தேர்வில் பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண்கள். அதை வைத்தே பெற்றோர் பள்ளியை எடைபோடும்போது, மாணவர்கள் சொந்தமாக ஒரு காணொளி எடுக்கட்டும் என்று இரண்டு வகுப்புகளை ஒதுக்க எந்த ஆசிரியர் துணிவார்?