மூன்று துளைகளை நம்பலாமா?

1973இல் அமெரிக்காவின் மேக் மெக்மில்லன் 100 கெஜ தூரத்தில் சுட்ட ஐந்து குண்டுகளும் ஏறக்குறைய ஒரே துளைக்குள் போய் விழுந்தன. மையத்துக்கு மையம் அளந்தால் விரிவு 0.009 அங்குலம், கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ரைபிளை மேஜைமேல் தாங்கிகளில் வைத்துச் சுடும் 'பெஞ்ச்ரெஸ்ட்' போட்டியில் அந்தச் சாதனை 40 ஆண்டுகள் நின்றது. 2013இல்தான் முறியடிக்கப்பட்டது.

ஆனால் பெஞ்ச்ரெஸ்டில் சாம்பியன் பட்டத்தை இப்படிச் சேர்ந்து விழுந்த ஒரு குண்டுத் தொகுதியை, அதாவது ஒரு 'குரூப்'பை, வைத்துத் தருவதில்லை. ஐந்து ஐந்து குண்டாக ஐந்து குரூப் சுட வேண்டும். அவற்றின் சராசரிக்குத்தான் பட்டம். அதை 'அக்ரிகேட்' என்பார்கள். அதிர்ஷ்டத்தில் ஒருமுறை குண்டுகள் ஒட்டி விழும் என்பது இந்த விளையாட்டுக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும்.

சொந்தமாகத் தோட்டா தயாரிக்கத் தொடங்குகிறவருக்கு அது தெரிவதில்லை. அமெரிக்காவில் இது பரவலான பொழுதுபோக்கு. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, தீப்பொறி தரும் புது பிரைமர் பொருத்தி, வெடிமருந்தை எடைபோட்டு ஊற்றி, கூட்டின் வாயில் குண்டை உட்காரவைக்கிறார்கள். பெஞ்ச்ரெஸ்டிலும் 1,000 கெஜம்வரை போகும் நெடுந்தூரப் போட்டியான எஃப்-கிளாஸிலும் முன்னணிக்காரர்கள் சுடுவது பெரும்பாலும் சொந்தத் தயாரிப்புதான்.

புதியவர் வழக்கமாகச் செய்வது இது: மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பத்து விதத் தோட்டாக்கள் செய்கிறார். ஒவ்வொன்றிலும் மூன்று சுடுகிறார். எந்த மூன்று துளைகள் நெருங்கி விழுந்தனவோ அதுவே தன் ரைபிளுக்கு உகந்த அளவு என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார். அடுத்த வாரம் அதே அளவில் சுட்டால் குரூப் இரு மடங்கு விரிகிறது. பழி பித்தளைமேலும் தராசுமேலும் விழுகிறது.

கணக்கைப் பார்த்தால் பழிக்கே இடமில்லை. ஒரே ரைபிள், ஒரே தோட்டா. பத்துக் குண்டு குரூப்பின் சராசரி விரிவு 1 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து குண்டுக்கு அது சுமார் 0.8 அங்குலம், மூன்று குண்டுக்கு சுமார் 0.63. குறைவாகச் சுட்டதாலேயே குரூப் அழகாகிவிட்டது! அதைவிட மோசம், மூன்று குண்டு குரூப் முறைக்கு முறை ஊசலாடுவது. துளியும் வித்தியாசமில்லாத தோட்டாக்களைப் பத்துக் கூறாகப் பிரித்து மும்மூன்றாகச் சுட்டாலும், மிகச் சிறிய குரூப்புக்கும் மிகப் பெரியதற்கும் மூன்று மடங்கு இடைவெளி வருவது சாதாரணம். நம் புதியவர் தேர்ந்தெடுத்தது சிறந்த அளவையா, அன்றைய அதிர்ஷ்டத்தையா? மூன்று பந்துகளைப் பார்த்துவிட்டுத் தொடக்க ஆட்டக்காரரைத் தேர்வுசெய்யும் வேலைதான் இது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. கிரைட்டன் ஆடெட் என்ற அமெரிக்கச் சுடுவீரரின் பெயரோடு சேர்ந்த 'ஏணிச் சோதனை'யில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு குண்டுதான். மருந்து கூடக்கூடத் துளைகள் மேலேறும். எங்கே அவை ஒன்றையொன்று நெருங்குகின்றனவோ, அங்கே குழலின் அதிர்வு சாதகமாக இருக்கிறது என்பது வாதம். குழல் அதிர்வது உண்மைதான். ஆனால் ஏணியின் ஒரு படிக்கு ஒரே சாட்சி. ஹார்னடி நிறுவனத்தின் பாலிஸ்டிக்ஸ் வல்லுநர்கள் சில ஆண்டுகளாக இதைத்தான் உரக்கச் சொல்லிவருகிறார்கள்: இருபது, முப்பது குண்டுகள் சுட்டுப் பார்க்காமல் இரண்டு அளவுகளை ஒப்பிடாதீர்கள். அனுபவசாலிகளுக்கு அது பிடிக்கவில்லை.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 6.5 க்ரீட்மோர் தோட்டாவுக்கான குழலைப் போட்டிக்காரர்கள் சுமார் 2,000 முதல் 3,000 குண்டுகளில் மாற்றிவிடுவார்கள். பத்து அளவுகளுக்கும் முப்பது முப்பதாகச் சுட்டால், பரிசோதனையிலேயே குழலின் ஆயுளில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். என் பதில், அளவுகளைக் குறையுங்கள் என்பதே. போட்டிக்கான நல்ல 'மேட்ச்' குண்டு ஒன்று, பலரும் நம்பும் மருந்து ஒன்று, தோட்டாத் தயாரிப்புக் கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் இரண்டே அளவுகள். தொடங்குவது கையேட்டின் தொடக்க அளவில். உச்ச அளவைத் தாண்டுவது சோதனை அல்ல, விபரீதம். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தம் சுடுபவரின் கன்னத்துக்குச் சற்று முன்னால் உருவாகிறது.

இதெல்லாம் அமெரிக்கக் கதை. இந்தியாவில் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது. ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிளிலோ அந்தக் கேள்வியே எழாது; அதன் .22 ரிம்ஃபயர் தோட்டா மறுபடி நிரப்பும் வகையைச் சேர்ந்ததல்ல. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளோடு வெண்கலம் வென்ற பிரிவு அது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அங்கே வீரர்கள் தோட்டாவைச் செய்வதில்லை, தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் ஒரே தொகுப்பில் தயாரான ஒரு 'லாட்' ஒரு ரைபிளுக்குப் பிடிக்கும், அடுத்தது பிடிக்காது. அதனால் எலி, லாபுவா போன்ற நிறுவனங்களின் சோதனைக் கூடங்களில் ரைபிளைப் பிடியில் பூட்டி லாட் லாட்டாகச் சுட்டுப் பார்க்கிறார்கள். எலியில் பத்துப் பத்தாகச் சுட்டு, நாற்பதையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி முடிவெடுக்கிறார்கள். மூன்று துளை பார்த்து யாரும் பெட்டி வாங்குவதில்லை.

எஃப்-கிளாஸில் இறங்கும் புதியவருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1,000 கெஜத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10 அங்குலம், அதாவது நடுவிலிருந்து ஓரத்துக்கு 5. பக்கக்காற்றை மணிக்கு ஒரு மைல் தவறாகக் கணித்தால் .308இன் 175 கிரெயின் எடையுள்ள குண்டு 8 அங்குலத்துக்கு மேல் நகர்ந்துவிடும். மருந்தில் பத்தில் ஒரு கிரெயினைத் துரத்திச் செலவழிக்கும் குண்டுகளைக் காற்றுக் கொடிகளைப் பார்த்துச் சுடுவதில் செலவழித்தால் புள்ளிகள் கூடும்.