கறி தேடாத கீரை

கீரைக்கு ருசி கறியிலிருந்தோ கருவாட்டிலிருந்தோதான் வரவேண்டும் என்று நினைப்பவர்களை, கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்ட வீடு ஒன்றில் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார வைக்க வேண்டும். சுடுசோறு, ரசம், பக்கத்தில் முருங்கைக்கீரைப் பிரட்டல். அவ்வளவுதான். அந்த இலையில் வேறு எதையும் மனம் தேடாது.

இத்தனைக்கும் இது மீன் மலிந்த வட்டாரம். பாசிர் பெனாம்பாங், ஜெராம், சிக்கிஞ்சான் என்று கரை நெடுக மீனவர் ஊர்கள். நெத்திலியும் காய்ந்த இறாலும் கை நீட்டினால் கிடைக்கும். மற்ற நாட்களில் ஒரு பிடி நெத்திலியைப் பொரித்துக் கீரையில் போடுவது வழக்கம்தான், அதிலும் குறையில்லை. ஆனால் வெள்ளி, கார்த்திகை, புரட்டாசிச் சனி, தைப்பூச விரதம் என்று வரும்போது அந்தத் துணை இல்லாமல் போய்விடுகிறது. சமைப்பவரின் கைப்பக்குவம் முழுதாகத் தெரிவது அன்றைக்குத்தான்.

கறி கீரைக்கு என்ன கொடுக்கிறது? உப்பு, கொழுப்பு, லேசான புகைவாசம், நாக்கில் கொஞ்ச நேரம் நிற்கிற ஒரு கனம். தோட்டத்துச் சமையல் இந்த நான்கையும் தனித்தனியாகப் பிரித்து, வேறு வேறு பொருள்களிடம் ஒப்படைத்துவிட்டது. அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம்.

புகைவாசத்துக்குக் காய்ந்த மிளகாய். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுந்து போட்டு, மிளகாயைக் கிள்ளிப் போட்டு, அது சிவப்பிலிருந்து அடர்ந்த பழுப்புக்குப் போகிற வரை பொறுத்திருக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் வெறும் காரம். ஒரு நொடி பிந்தினால் கசப்பு. கனத்துக்குச் சின்ன வெங்காயமும் நசுக்கிய பூண்டும். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனால் போதாது. ஓரம் பொன்னிறமாக வேண்டும். கறியை வறுக்கும்போது எழுகிற மணத்துக்குக் காரணமான அதே மாற்றம்தான் சிவக்கிற வெங்காயத்திலும் நடக்கிறது. அதோடு மலர்ந்தும் குழையாமலும் வெந்த ஒரு பிடி சிறுபருப்பு. சில வீடுகளில் பருப்புக்குப் பதில் கச்சானை (நிலக்கடலையை) வறுத்து, உரலில் ஒன்றிரண்டாக இடித்துத் தூவுவார்கள். தேங்காய்த் துருவலின் பால்சுவையும் கச்சானின் வறுவாசமும் சேரும் இடத்தில் கொழுப்பின் கணக்கும் தீர்ந்துவிடுகிறது.

உப்பு கடைசியில். அடுப்பில் ஏறும்போது குவியலாக இருக்கிற கீரை, இறங்கும்போது ஒரு கைப்பிடியாகிவிடும். குவியலைப் பார்த்து உப்புப் போட்டவர் சோற்றை அள்ளி அள்ளிச் சமாளிக்க வேண்டியதுதான்.

இத்தனையும் தயாரான பிறகே இலை சட்டிக்குள் போகிறது. தண்ணீர் தெளித்தால் போதும். மூடக்கூடாது. கீரை வேகும்போது அதிலிருந்து புளிப்புத் தன்மையுள்ள ஆவி கிளம்புகிறது. மூடியிட்டால் அது திரும்பச் சட்டிக்குள்ளேயே விழுந்து, பச்சையத்தில் உள்ள மெக்னீசியத்தை வெளியேற்றிவிடும், இலை பழுப்பாகிப்போகும். தோட்டத்துப் பாட்டிமார் வேதியியல் படித்ததில்லை, “மூடாதே, கறுத்துப் போகும்” என்று மட்டும் சொன்னார்கள். புளி சேர்ப்பதானாலும் இதே காரணத்தால் இலை வெந்த பிறகுதான்.

இந்தச் சமையலின் வேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்குப் போய், ரப்பர் பால்வெட்டு முடித்து, வாளி சுமந்து லயத்துக்குத் திரும்பிய பெண்கள் வளர்த்த சமையல் இது. கறி சம்பளம் போட்ட வாரத்துக்கு உரியது. மற்ற நாட்களுக்கு வீட்டுக் கொல்லை. வேலியோரம் முருங்கை, வாய்க்கால் பக்கம் பசலி, நிழலில் பொன்னாங்கண்ணி, தானாக முளைக்கும் மணத்தக்காளி. இந்த மண்ணில் பயிர் மாறியதும் உண்டு: 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவில் முதன்முதலாக வணிக முறையில் செம்பனை நட்டது இதே மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில். பின்னாளில் சுற்றுவட்டாரமெங்கும் கித்தா எனும் ரப்பர்க் காடுகள் அழிந்து செம்பனை நிறைந்தது, வேலை மாறியது, வெட்டுக் கத்தி போய் நீண்ட அரிவாள் வந்தது. கொல்லைக் கீரை மட்டும் மாறவில்லை.

முருங்கைக்கு அடுத்து நான் கொண்டாடுவது மரவள்ளிக் கொழுந்து. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த தலைமுறைக்கு அதன் இலையும் உணவாக இருந்தது. பஞ்ச காலத்து உணவை விருந்துக்குரிய சுவைக்கு உயர்த்தியதில் மலாய்க்காரர் அடுப்புக்கும் பங்குண்டு. செடியின் உச்சியில் உள்ள இளம் இலைகளை மட்டும் கிள்ளி, கையால் கசக்கி, நிறையத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இதில் சுருக்குவழி கிடையாது: பச்சை இலையில் சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது. வெந்த இலையைப் பிழிந்து நறுக்கி, வெங்காயமும் மஞ்சளும் சிலி பாடி மிளகாயும் சேர்த்து, முதலில் இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, கெட்டிப்பாலைக் கடைசியில் ஊற்றி, தளதளவென்று கொதிக்குமுன் இறக்க வேண்டும். மலாய்க்காரர் வீட்டில் நெத்திலி சேரும். தமிழர் வீட்டு விரதச் சட்டியில் அந்த இடத்தைச் சீரகமும் கறிவேப்பிலைத் தாளிப்பும் பிடித்துக்கொள்கின்றன. முருங்கையைப்போல் இது அவசரத்துக்கு இறங்காது. முரட்டு இலை, நேரம் கேட்கும், கொழுப்பைக் குடிக்கும். கொடுத்தால் வெண்ணெய்போல் இளகும்.

இந்த முரட்டுத்தனம் மரவள்ளிக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கத் தென்மாநிலங்களில் காலர்ட் என்றொரு முரட்டுக் கீரை உண்டு. முட்டைக்கோசின் இனம், ஆனால் கோசு கட்டாது. புகையூட்டிய பன்றிக்காலோடு நெடுநேரம் வேகவைப்பது அங்கே மரபு. அதே காலர்ட் இனத்தைக் காஷ்மீரில் ஹாக் என்பார்கள். பண்டிதர் வீட்டில் அதற்குக் கறியும் இல்லை, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. புகையக் காய்ந்த கடுகெண்ணெய், பெருங்காயம், காய்ந்த மிளகாய், தண்ணீர், உப்பு. பச்சை மாறாதிருக்கத் திறந்த பாத்திரம். அந்த மலைநாடு எங்கே, இந்தக் கடலோரம் எங்கே. இருந்தும் இரண்டு அடுப்பும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: எண்ணெயைக் காயவிடு, மிளகாயை வறு, இலையைத் திறந்து வேகவை.

இன்றைக்குச் சுவைக்கட்டியைக் கரைத்து ஊற்றுகிற பழக்கம் வந்துவிட்டது. அதனால் எல்லாக் கீரைக்கும் ஒரே ருசி வந்துசேர்கிறது. முருங்கையின் மெல்லிய கசப்பு, பசலியின் வழவழப்பு, மணத்தக்காளியின் மருந்து மணம் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டுவதற்காகத்தானே தாளிப்பும் பருப்பும் தேங்காயும் அளவோடு நிற்கின்றன? இலையை மறைக்கிற ருசி எதுவானாலும், கறியோ கட்டியோ, எனக்கு ஒன்றுதான். நல்ல பிரட்டலில் முதலில் மிளகாய் மணக்க வேண்டும், பிறகு தேங்காய் இனிக்க வேண்டும், விழுங்கிய பின் இலையின் கசப்பு மட்டும் மிஞ்ச வேண்டும்.

அந்தக் கசப்பு பறித்த அன்றைக்கே அழகு. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாடிக் கிடக்கும் கட்டில் அது பாதி போயிருக்கும். மாலையில் கொப்பை ஒடித்து, துணியில் சுற்றி வைத்தால் காலையில் இலைகள் தாமாக உதிர்ந்திருக்கும். ஆய்கிற வேலை பாதி குறையும், தொண்டையில் குத்தும் ஈர்க்கும் குறையும். தோட்டத்தை விட்டு ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டவர்களுக்கும் இது எட்டாததல்ல. முருங்கைக்கு விதை வேண்டாம், வெட்டிய கிளைத்துண்டான ஒரு போத்து போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். இந்தப் பக்கத்துக் களிமண்ணில் மண்ணைக் கொஞ்சம் மேடாக்கி நட வேண்டும். நல்ல கீரை சாப்பிட விரும்புகிறவர் சமையல் குறிப்பைத் தேடுமுன், தெரிந்த வீட்டில் கேட்டு அந்தப் போத்தை வாங்கி வந்து நடட்டும்.