தட்டில் தப்பும் நஞ்சு

1930இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழைகள் பலருக்குத் திடீரென்று கால்கள் தொய்ந்துபோயின. மதுவிலக்குக் காலம் அது. ‘ஜமைக்கா ஜிஞ்சர்’ என்ற இஞ்சிச் சாறு மருந்துக்கடையில் கிடைத்தது; போதைக்காகவே குடித்தார்கள். குடிக்க முடியாத அளவுக்கு அதில் இஞ்சி இருக்கிறதா என்று பார்க்க, அதிகாரிகள் சாற்றைச் சுண்டக் காய்ச்சி அடியில் தங்குவதை எடைபோட்டார்கள். எடையைச் சரிக்கட்ட வியாபாரிகள் கலந்ததுதான் ட்ரை ஆர்த்தோ கிரெசில் பாஸ்பேட். சரக்கு சோதனையில் தேறிவிட்டது. பல்லாயிரம் பேர் முடமானார்கள்.

நஞ்சு உள்ளே போய் ஓரிரு வாரம் கழித்தே தலைகாட்டும் இந்த நரம்புச் சிதைவு எலியிடம் தெளிவாகத் தெரியாது. அதனால் கோழிக்குக் கொடுத்து, 21 நாள் அதன் நடையைக் கவனிப்பார்கள். கோழி தள்ளாடினால் வேதிப்பொருள் தோற்றது.

கோழியின் இடத்தைப் பிடிக்க வந்தவைதான் செல் சோதனைகள். நரம்புப் புற்றுக்கட்டியிலிருந்து வளர்த்தெடுத்த மனிதச் செல்களை 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் வளர்த்து, குழிக்குக் குழி அளவை மாற்றி நஞ்சைச் சேர்க்கிறார்கள். செல்கள் நீட்டும் மெல்லிய இழைகளைக் கேமரா படமெடுக்க, கணினி நீளத்தை அளக்கிறது. இழை குட்டையானால் சந்தேகம். இந்தச் சிதைவில் நஞ்சு முதலில் முடக்கும் நொதியும் இந்தச் செல்களில் இருப்பதால், கேடு எங்கே தொடங்குகிறது என்றும் பார்க்கலாம். கோழியின் தள்ளாட்டம் இதைச் சொல்லாது. வேகமும் சிக்கனமும் மறுக்க முடியாதவை.

ஆனால் தட்டில் கல்லீரல் இல்லை. அந்தப் பாஸ்பேட் உடலுக்குள் போனபின் கல்லீரல்தான் அதைக் கொடிய நஞ்சாக மாற்றுகிறது. அத்தனை பேரை முடக்கிய பொருள் வெறும் செல்தட்டில் நல்லபிள்ளையாகத் தேறிவிடக்கூடும். 1982இல் கலிஃபோர்னியாவில் போதைமருந்தில் கலந்திருந்த எம்பிடிபி என்ற வேதிப்பொருள் இளைஞர்களைப் பார்கின்சன் நோயாளிகள்போல் உறையவைத்தது. அதையும் நஞ்சாக்குவது நரம்புச் செல் அல்ல, பக்கத்திலிருக்கும் துணைச் செல். கல்லீரல் நொதிகளைக் கலந்து பார்க்கலாம். அந்தக் கலவையே சில சமயம் செல்லைக் கொன்றுவிடுகிறது என்பது தனித் தலைவலி.

இன்னொரு குறைக்குப் பரிகாரம் காண்பது இன்னும் கடினம். முதலில் சிதைவது நீண்ட நரம்பிழை. முதுகெலும்பிலிருந்து பாதம்வரை அது ஒரு மீட்டர் ஓடுகிறது. தட்டின் ஒரு குழியோ சில மில்லிமீட்டர்தான்.

ஆகவே இந்தச் சோதனை ‘ஆபத்து’ என்றால் காது கொடுக்க வேண்டும். ‘பாதிப்பில்லை’ என்றால் அப்படியே ஏற்கக் கூடாது. மூலப்பொருளை மட்டும் சோதித்தார்களா, கல்லீரல் மாற்றித்தரும் பொருளையும் சேர்த்தா என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுத வைக்கலாம். எழுதாத அறிக்கையை ஒழுங்குமுறை அமைப்புகள் திருப்பி அனுப்பலாம்.